குழி வேண்டாத கியர்ப் பெட்டி

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கு நோக்கிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்வோர், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டித் திருப்புட்குழி என்னும் ஊரை அடைவர். புள் என்பது பறவை. இராவணனோடு பொருது வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இது என்பது தலவரலாறு. அதனால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர். விஜயராகவப் பெருமாள் கோயில் வைணவத் திருப்பதிகள் நூற்றெட்டனுள் ஒன்று. இளமையில் இராமாநுசர் யாதவப்பிரகாசரிடம் பாடங் கேட்டதும் இவ்வூரில்தான். சுற்றுவட்டாரமோ பட்டு நெசவுக்குப் பேர்போனது. நெசவாளர் வீட்டினுள் தறிக்கென்று ஒரு குழி வெட்டியிருப்பார்கள். நெய்பவர் அதன் விளிம்பில் அமர்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகளை இயக்குவார். ஆகவே குழி என்னும் சொல் இவ்வட்டாரத்தார்க்கு ஊர்ப்பெயரிலும் உண்டு, தொழிலிலும் உண்டு.

மோட்டார் பட்டறையிலும் ஒரு குழி உண்டு. வண்டியை அதன்மேல் நிறுத்தி, தொழிலாளி கீழே இறங்கி நின்று, தலைக்கு மேலே உள்ள உறுப்புகளைக் கழற்றுவார். கியர்ப் பெட்டியைக் கழற்ற வேண்டுமென்றால் இக்குழி இன்றியமையாதது என்பது பொதுவான எண்ணம். பல வண்டிகளுக்கு அது உண்மையுங்கூட. நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய பிரீமியர் பத்மினியின் கியர்ப் பெட்டி அடிவழியாகத்தான் இறங்கும். புகழ்பெற்ற எம்.ஜி.பி. என்னும் ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரிலோ சங்கடம் இன்னும் பெரிது. தேய்ந்த கிளட்சுத் தட்டு ஒன்றை மாற்றுவதற்கே எஞ்சினைச் சங்கிலி கட்டித் தூக்க வேண்டும். ஆனால் குழியும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம், இருவர் ஒரு வீட்டு முற்றத்திலேயே கியர்ப் பெட்டியை எடுத்துவிடலாம் என்னும்படி அமைந்த ஒரு குடும்பத்து வண்டிகள் உண்டு. அவற்றுள் ஒன்று டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். மற்றொன்று நம் சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இவ்விரண்டும் எங்ஙனம் உறவாயின என்பதை முதலில் கூறிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1959-ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஹெரால்டு என்னும் சிறு காரை வெளியிட்டது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலி நாட்டு ஜொவான்னி மிக்கெலொட்டி. அக்காலத்தில் மற்ற நிறுவனங்கள் எல்லாம் சட்டமும் உடலும் ஒன்றாக வார்த்தாற்போன்ற கூடுகளைச் செய்யத் தொடங்கியிருந்தன. ஸ்டாண்டர்டு நிறுவனத்தாருக்கோ அது எளிதாக இல்லை. அவர்களுக்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த ஆலையை 1953-இல் போட்டி நிறுவனமாகிய பி.எம்.சி. வாங்கிக்கொண்டது. பெரிய கூட்டை முழுமையாக அழுத்தித் தருவார் இன்மையால், எஃகுச் சட்டம் ஒன்றைத் தனியே செய்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட்டு கொண்டு இணைக்கும் பழைய முறைக்கே அவர்கள் திரும்பினார்கள். பிறர் இதைப் பிற்போக்கு என்றனர். ஆனால் துண்டு துண்டாக இணைத்த வண்டியைத் துண்டு துண்டாகப் பிரிக்கவும் இயலும் அன்றோ? பெட்டிகளில் அடைத்துக் கடல் கடந்து அனுப்பி, வேற்று நாட்டில் பூட்டி முடிக்கவும் அது வசதியாயிற்று.

அங்ஙனம் பூட்டப்பட்ட நாடுகளுள் நம் நாடும் ஒன்று. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களை இங்கு வெளியிட்டது. முதலில் இரண்டு கதவுகளோடு வந்த அவ்வண்டிக்கு, 1960-களின் பிற்பகுதியில் இங்குள்ளவர்களே நான்கு கதவுகளை அமைத்தனர். இதற்கிடையில் இங்கிலாந்தில், ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் மிக்கெலொட்டியின் கைவண்ணத்திலேயே ஒரு தாழ்ந்த திறந்த உடலைப் பொருத்தி, 1962-இல் ஸ்பிட்ஃபயர் காரை வெளியிட்டார்கள். 1980 வரை அது உற்பத்தியாயிற்று. எஞ்சின், கிளட்சு, கியர்ப் பெட்டி ஆகியவற்றின் அமைப்பில் இரண்டும் உடன்பிறப்புகளே. நம் நாட்டில் ஸ்பிட்ஃபயரைக் காண்பது அரிது. ஆயினும் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளமாகிய சோழவரத்தில் மோட்டார் பந்தயங்கள் நடந்த ஆண்டுகளில், ஹெரால்டு வண்டிகளும் அங்குப் பாய்ந்தோடின. 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம், திருப்புட்குழிக்குச் செல்லும் இதே நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் இருக்கிறது.

வண்டலூர் ஆலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அவ்வாலையிலிருந்து இனிப் புதிய உறுப்புகள் வாரா என்னும் நிலையில், ஓர் உறுப்பை உடைத்துவிட்டால் வண்டியே நின்றுபோகலாம். ஆகையால்தான் இவ்வேலையைச் செய்யும் முறையை, கருவிகளின் பெயரை மட்டும் அடுக்காமல், காரணங்களோடு சொல்ல விரும்புகிறேன். காரணம் தெரிந்தவன் கை அவசரப்படாது.

கியர்ப் பெட்டி எதற்காக இருக்கிறது? பெட்ரோல் எஞ்சின் விரைவாகச் சுழலும்போதுதான் வலிமையைத் தரும். மெதுவாகச் சுழன்றால் நின்றுவிடும். சக்கரமோ புறப்படும்போது மெதுவாகத்தான் உருள வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே சமாதானம் செய்து வைப்பது கியர்ப் பெட்டி. ஸ்பிட்ஃபயரின் முதற் கியரில் எஞ்சின் 3.75 முறை சுழன்றால் வெளித்தண்டு ஒருமுறை சுழலும்; சுழற்சி எத்தனை மடங்கு குறைகிறதோ, உராய்வில் போவது போக, முறுக்குவிசை அத்தனை மடங்கு கூடும். இரண்டாவதில் இவ்விகிதம் 2.16, மூன்றாவதில் 1.39, நான்காவதில் சரிக்குச் சரி ஒன்று.

பெட்டியினுள் எஞ்சினிலிருந்து வரும் உள்தண்டும், சக்கரத்துக்குச் செல்லும் வெளித்தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, இணையாக, மூன்றாவதாக ஒரு தண்டு உண்டு. அதை எதிர்த்தண்டு எனலாம். உள்தண்டின் பற்சக்கரம் எதிர்த்தண்டைச் சுழற்ற, எதிர்த்தண்டின் பற்சக்கரங்கள் வெளித்தண்டைச் சுழற்றுகின்றன. நான்காவது கியரில் மட்டும் உள்தண்டும் வெளித்தண்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். எதிர்த்தண்டு சுமையின்றி வெறுமனே சுழலும். இந்தச் சிறு செய்தியை நினைவில் வையுங்கள். முதல் மூன்று கியர்களிலும் இரைந்துவிட்டு நான்காவதில் அடங்கிவிடும் வண்டியில், குற்றம் எதிர்த்தண்டையும் அதன் உருளைகளையும் சார்ந்தது என்று, ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிடலாம்.

உண்மையில், கியர்ப் பெட்டியைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, கழற்றத்தான் வேண்டுமா என்று கேட்பது. வண்டியை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். கிளட்சு மிதியில் கால் வைக்காதபோது உள்தண்டும் எதிர்த்தண்டும் சுழன்றுகொண்டிருக்கும். மிதியை அழுத்தினால் அவை நின்றுவிடும். காலை வைத்ததும் ஓசை நின்றால் நோய் பெட்டிக்குள் இருக்கிறது. காலை வைத்ததும் ஓசை பிறந்தால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது. இவை இரண்டுக்கும் பெட்டி வெளியே வந்தாக வேண்டும். ஆனால் மிதியை முழுவதும் அழுத்தியும் கியர் விழாமல் நறநறக்குமானால், உடனே பெட்டியைப் பழிக்காதீர்கள். இவ்வண்டிகளில் கிளட்சு திரவ அழுத்தத்தால் இயங்குவது. மேலே உள்ள சிறு குப்பியில் திரவம் குறைந்திருக்கலாம். சிலிண்டரின் ரப்பர் வளையம் கசியலாம். அரைமணி நேர வேலையில் தீரும் குறைக்கு இரண்டு நாள் உழைப்பது வீண்.

மற்றொரு செய்தி. பழைய ஹெரால்டிலும் முதல் வகை ஸ்பிட்ஃபயரிலும் முதற் கியருக்கு, வேகங்களை இசைவிக்கும் சிங்க்ரோமெஷ் அமைப்பு கிடையாது. ஓடும் வண்டியில் முதற் கியரைப் போட்டால் பற்கள் உரசுவது அதன் இயல்பே தவிர நோயன்று. இக்காலத்துக் கார்களை ஓட்டிப் பழகிய இளைஞர் பலர் இதை அறியாமல் நல்ல பெட்டியைக் குறைகூறுகின்றனர்.

இனி வேலைக்கு வருவோம். திருப்புட்குழியில் ஒரு வீட்டு முற்றம் என்று வைத்துக்கொள்வோம். தரை சமமாக இருக்க வேண்டும். சிமெண்டு பூசிய தரையானால் மிக நன்று. மண் தரையானால் ஜாக்கியின் கீழே கனத்த பலகை இட வேண்டும். இல்லையேல் மழை பெய்த ஈரத்தில் ஜாக்கி ஒருபுறமாகப் புதைந்து சாயும். இவ்வண்டியின் பெருஞ்சிறப்பு, ஏறத்தாழ எல்லா வேலையையும் நான்கு சக்கரங்களும் தரையில் இருக்கும்போதே செய்யலாம் என்பது. எண்ணெய் வடிக்கவோ வேறெதற்கோ அடியில் புக வேண்டியிருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் புகாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கான கருவி; தாங்குவதற்கானது அன்று. இரும்பு முக்காலிகளைச் சட்டத்தின் கீழே வைத்து, வண்டியை அவற்றின்மேல் இறக்கி, கையால் அசைத்துப் பார்த்த பின்னரே தலையை நீட்ட வேண்டும். செங்கல்லையும் உள்ளீடற்ற சிமெண்டுக் கட்டியையும் அடுக்கி வைப்பவர்கள் உண்டு. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். இத்தகைய விபத்துகளில் உயிரிழப்போர் அனுபவமற்றவர் மட்டும் அல்லர்.

கருவிகளுள் முக்கியமானது ஸ்பேனர். இவ்வண்டிகளின் நட்டுகள் அங்குல அளவின. இன்று கடைத்தெருவில் எளிதாகக் கிடைப்பவையோ மில்லிமீட்டர் ஸ்பேனர்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அதன்மேல் ஏறத்தான் செய்யும். ஆனால் இறுகிய நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். மழுங்கிய நட்டை எடுக்க உளியும் சுத்தியலும் வரும். அவற்றைத் தொடர்ந்து உடைந்த வார்ப்பும் வரும். அங்குல ஸ்பேனர்த் தொகுதி ஒன்றை முதலில் தேடிக்கொள்ளுங்கள்.

பாட்டரியின் இணைப்பை எடுப்பது முதற்செயல். பாட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பியில் எப்போதும் மின்சாரம் உண்டு; ஸ்பேனர் அதையும் சட்டத்தையும் ஒருங்கே தொட்டால் பொறி பறக்கும். அதன்பின் முன்னிருக்கைகள் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். விரிப்பை நீக்கினால், இருக்கைகளுக்கு நடுவே ஒட்டகத்தின் திமிலைப்போல் புடைத்திருக்கும் மூடி தென்படும். மற்ற கார்களில் இப்புடைப்பு தரையோடு ஒன்றாய் அழுத்திய இரும்புத் தகடு. இங்கோ தனி உறுப்பு. ஆங்கில நாட்டு வண்டிகள் பலவற்றில் அதை அழுத்திய நார் அட்டையால் செய்தார்கள். விளிம்பைச் சுற்றிலும் உள்ள திருகுகளையும், முகப்புப் பலகையைத் தாங்கும் நடுக்காலையும், கியர்க் கோலின் குமிழையும் எடுத்துவிட்டால், மூடி மேலே எழும்பி வரும். கீழே கியர்ப் பெட்டி முழுமையாகக் கண்ணுக்குத் தெரியும். பட்டறைக் குழியில் நின்று, எண்ணெய் முகத்தில் சொட்டச் சொட்ட வேலை செய்தவர்கள் இக்காட்சியைக் கண்டால் சற்றே பொறாமைப்படுவார்கள்.

எடுக்கும் திருகுகளை எல்லாம் ஒரே தகரப் பாத்திரத்தில் கொட்டுவது பெரும்பாலோர் வழக்கம். காஞ்சி நெசவாளர் செய்வதைப் பாருங்கள். தறியில் ஒரு பாவு நெய்து தீர்ந்தால், விழுதிலும் அச்சிலும் கோத்திருக்கும் பழைய இழைமுனைகளை அவர் உருவி எறிவதில்லை. ஆயிரக்கணக்கான இழைகளை மீண்டும் வரிசை பிசகாமல் கோப்பது எளிதா? பழைய முனை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையைப் பிணைத்து, அப்படியே இழுத்துவிடுகிறார். வரிசை தறியிலேயே காப்பாற்றப்படுகிறது. அவ்வாறே, கழற்றிய போல்ட்டு ஒவ்வொன்றையும், அதன் உறுப்பு வெளியே வந்தவுடன், அதே துளையில் இரண்டு சுற்று மாட்டி வைத்துவிடலாம். எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் போல்ட்டுகளின் நீளம் ஒன்றுபோல் இராது. நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் கேடு விளையும். துளையே நினைவில் வைத்துக்கொள்ளுமாயின் நமக்குக் கவலையில்லை.

பெட்டியின் பின்முனையிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டு நான்கு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. பிரிப்பதற்கு முன், இணையும் இரு வட்டுகளின்மேலும் ஒரே கோடாக வெண்சாயத்தால் ஓர் அடையாளம் இடுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே நிலையில் சேர்த்தால் அதிர்வு பிறவாது. வண்டியைச் சிறிதே முன்னும் பின்னும் தள்ளினால் நான்கு போல்ட்டுகளும் ஒவ்வொன்றாய் மேலே வரும். பின்பு சக்கரங்களுக்கு முட்டுக்கொடுக்க மறவாதீர்கள். வேகமானியின் கேபிளைப் பிரித்து ஒதுக்குக. கிளட்சை இயக்கும் சிறு சிலிண்டரை, குழாயைப் பிரிக்காமலே, அதன் பிடியிலிருந்து இழுத்து ஓரமாகக் கம்பியால் கட்டிவிடலாம். திரவம் சிந்தாது; பின்னர்க் காற்றை வெளியேற்றும் வேலையும் மிச்சம். ஆனால் அது வெளியே தொங்கும்போது யாரேனும் கிளட்சு மிதியை அழுத்திவிட்டால் உள்ளிருக்கும் பிஸ்டன் தெறித்துவிடும். மிதியின்மேல் ஒரு துணியைக் கட்டி வைப்பது நல்லது. குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம். ஸ்டார்ட்டர் மோட்டாரை எஞ்சின் பக்கமிருந்து எடுத்துவிட வேண்டும். முகமூடி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறப்பதால், எஞ்சினின் இருபுறமும் நின்று வேலை செய்ய இடம் தாராளமாக உண்டு.

இப்போது சற்று நிலையியல். எஞ்சினும் கியர்ப் பெட்டியும் சேர்ந்து ஒரே திணிவாய் மூன்று இடங்களில் தாங்கப்படுகின்றன: எஞ்சினின் இருபுறமும் இரண்டு ரப்பர்த் தாங்கிகள், பெட்டியின் வால்புறத்தில் ஒன்று. வால்புறத் தாங்கியைக் கழற்றிப் பெட்டியை நீக்கியதும், எஞ்சின் முன்னிரு தாங்கிகளின்மேல் ஊசலாடிப் பின்புறமாகச் சாயும். ஆகவே எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே, அகன்ற மரப்பலகை வைத்து, அதன் கீழ் ஜாக்கியை நிறுத்தி, எடையை மட்டும் ஏந்திக்கொள்ளுமாறு உயர்த்த வேண்டும். பலகையின்றி ஜாக்கியின் தலையே தொட்டால் தொட்டியின் தகடு நசுங்கும்.

அதன்பின் பெட்டியின் முன்புறத்து மணிவடிவ உறையை எஞ்சினோடு இணைக்கும் போல்ட்டுகளையும் நட்டுகளையும் சுற்றிலும் எடுக்கலாம். இங்கேதான் பொறுமை வேண்டும். உள்தண்டு, உறையைக் கடந்து முன்னே நீண்டு, கிளட்சுத் தட்டின் நடுவிலுள்ள வரிப்பள்ளங்களுக்குள் புகுந்து, அதற்கும் அப்பால் ஃப்ளைவீலின் மையத்தில் உள்ள சிறு வெண்கலப் புதையுறையில் நுனியை ஊன்றியிருக்கிறது. போல்ட்டுகள் எல்லாம் போனபின் பெட்டியின் எடையை யாரும் தாங்காமல் விட்டால், அவ்வளவு கனமும் அந்த மெல்லிய தண்டின் வழியாகக் கிளட்சுத் தட்டின்மேல் தொங்கும். தட்டு வளையும்; அதன் நடு அச்சு கோணும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் பூட்டி முடித்து ஓட்டும்போதுதான் கிளட்சு விடுபடாமல் தொல்லை தரும். வேலை முழுவதையும் மறுபடி செய்ய நேரும்.

ஆதலின் இதை ஒருவர் செய்யலாகாது. கோர்வைப் புடவை நெய்யும்போது, ஒருபுறம் நெசவாளரும் மறுபுறம் துணையாளும் அமர்ந்து, உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடாக்களை ஒரே தாளத்தில் கைமாற்றுவார்கள். ஒருவர் முந்தினாலும் கரை ஒட்டாது. அதுபோல, ஒருவர் வண்டியினுள் மண்டியிட்டுப் பெட்டியை இருகைகளாலும் ஏந்த வேண்டும். மற்றவர் எஞ்சின் பக்கம் நின்று, உறைக்கும் எஞ்சினுக்கும் இடையே தோன்றும் இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மேலே அகன்று கீழே ஒட்டியிருந்தால் பெட்டி சாய்கிறது என்பது பொருள். ஜாக்கியைச் சற்றே இறக்கியோ ஏற்றியோ நேராக்கலாம். நெம்புகோலை இடைவெளியில் செருகி விலக்குவது தகாது. அந்த உறை அலுமினியக் கலவையால் ஆனது, எளிதில் விண்டுபோகும். நேர்கோட்டில் பின்னோக்கி இழுத்து, தண்டின் நுனி கிளட்சைவிட்டு முற்றும் விலகிய பிறகே வாலைத் தாழ்த்தியோ முகத்தை உயர்த்தியோ திருப்பலாம். பிறகு இருவருமாகப் பக்கக் கதவு வழியாக வெளியே எடுத்து, விரித்த சாக்கின்மேல் வைக்கலாம்.

பெட்டியை எடுத்த பின் கிளட்சு முழுவதும் கண்முன் நிற்கும். அதன் உள்ளே கரும்பொடி படிந்திருக்கும். வாயால் ஊதியோ காற்றுக்குழாயை வைத்தோ அதைப் பறக்கவிடாதீர்கள். அக்காலத்துக் கிளட்சுத் தட்டுகளின் உராய்வுப் பூச்சில் கல்நார் கலந்திருந்தது. கல்நார்த் தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கவல்லது. பழைய பட்டறைகளில் இதை ஊதித் துடைத்தவர்களுக்கு இது தெரியாது, நமக்குத் தெரியும். நீர் தெளித்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியை ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

தட்டின் பூச்சு ஆணித்தலைகள்வரை தேய்ந்திருந்தால் மாற்றுவது முறை. பெட்டி வெளியே வந்த இச்சமயத்தில், நன்றாகத் தோன்றினாலும், ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுவதே என் கருத்து. அதன் விலை சிறிது. அதற்காக மீண்டும் இத்தனை உழைப்பது பெரிது. வெண்கலப் புதையுறையை மாற்றினால், புதியதை எஞ்சின் எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்துக; அதன் நுண்துளைகளில் தங்கும் எண்ணெயே பின்னர் அதற்கு ஆதாரம்.

பெட்டியைத் திறந்து உள்ளே கைவைப்பது வேறு கலை. கழற்றத் தெரிந்தவர் எல்லாம் பிரிக்கத் தெரிந்தவர் ஆகார். எதிர்த்தண்டை உருவியதும் ஊசி உருளைகள் மணிமணியாய் உதிரும். சிங்க்ரோ அமைப்பை வெளியே இழுத்தால் சிறு குண்டுகளும் வில்களும் முற்றத்தின் மூலைகளுக்குத் தாவும். முதல் முறையாகச் செய்யும் மாணவர், பெட்டியை வெளியே எடுத்துத் துடைத்து, இவ்வண்டிகளில் பழகிய முதிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் பிரிக்கும்போது அருகில் நின்று பார்ப்பதே நலம். ஹெரால்டின் காலத்தில் தொழில் பயின்றவர்கள் இன்று முதுமை எய்தியிருக்கிறார்கள். அவர்கள் கைப்பழக்கத்தில் உள்ள பல நுட்பங்கள் எந்தக் கையேட்டிலும் இல்லை.

திரும்பப் பூட்டுவதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. கிளட்சுத் தட்டு, அழுத்தும் மூடிக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே தளர்வாக நிற்பது. அதை மையம் பிசகாமல் நிறுத்தி மூடியை இறுக்கினால்தான், பின்னர் வரும் உள்தண்டு வரிப்பள்ளத்தையும் புதையுறையையும் ஒருங்கே காணும். இதற்கென்று ஒரு கருவி விற்கிறார்கள். கிடையாவிட்டால் வருந்த வேண்டியதில்லை. உள்தண்டின் நுனி அளவையும் பள்ளத்தின் அளவையும் எடுத்துக் கொடுத்தால், மரக்கடைசல் செய்பவர் கெட்டி மரத்தில் இரண்டு படிகளாக ஒரு கோல் கடைந்து தருவார். அக்கோலைச் செருகித் தட்டை நடுநிறுத்தி, மூடியின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாய் முறுக்கிவிட்டுக் கோலை உருவலாம். பெட்டியைச் சேர்க்கும்போது கடைசி ஓரங்குலம் நுழைய மறுத்தால், போல்ட்டை முறுக்கி இழுக்கக் கூடாது. பெட்டியைக் கியரில் வைத்து, வெளித்தண்டைக் கையால் மெல்லச் சுழற்றினால் வரிகள் ஒன்றையொன்று கண்டுகொண்டு வழிவிடும்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். கியர் எண்ணெயில் ஜி.எல். 4, ஜி.எல். 5 எனத் தரங்கள் உண்டு. எண் கூடியது உயர்ந்தது என்று எண்ணி 5-ஐ ஊற்றுவோர் பலர். பின் அச்சின் கடுமையான உராய்வுக்காக அதில் சேர்க்கும் கந்தகப் பொருள்கள், கியர்ப் பெட்டியின் வெண்கல, பித்தளை உறுப்புகளை அரிக்கக்கூடும். இப்பழைய பெட்டிகளுக்கு 4-ஆம் தரமே ஏற்றது. பக்கத் துளையின் விளிம்பில் தளும்பும்வரை ஊற்றினால் அளவு சரி. வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ குளக்கரையிலோ கொட்டாதீர்கள். ஜடாயு தீர்த்தம் உள்ள ஊரில் இதைச் சொல்வதும் மிகை. மூடிய தகரத்தில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.

திமில் மூடியைப் பூட்டுவதற்கு முன்பே, நடுநிலையில் எஞ்சினை ஓட்டி, கிளட்சை மிதித்து, நான்கு கியர்களும் பின்கியரும் விழுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூடியின் விளிம்பில் பழைய நுரைப்பட்டை நைந்திருந்தால் புதியதை ஒட்டுக. இல்லையேல் எஞ்சினின் வெப்பமும் புகையும் ஓட்டுபவரின் காலடியில் நுழையும். சித்திரை மாதத்தில் அவ்வண்டியில் அமர்ந்து பார்த்தவர்க்கே அதன் கொடுமை விளங்கும். பின்பு இருக்கைகளைப் பூட்டி, காஞ்சிபுரம்வரை நிதானமாய்ச் சென்று திரும்பி, இரவு வண்டிக்கடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் துளி விழுந்திருந்தால் எடுத்து முகர்ந்து பார்க்கலாம். கந்தக நெடி வீசினால் அது கியர்ப் பெட்டியிலிருந்து வந்தது. வீசாவிட்டால் எஞ்சினிலிருந்து வந்தது.